தணிமானியின் பூஜ்யம்

வெள்ளூரணி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துபோகிறவர்கள் எல்லோரும் தேறிக்கொண்டிருந்தார்கள். கருவி மட்டும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. மாதத்துக்கு மாதம் அவர்கள் மோசமாகிக்கொண்டே போகிறார்கள் என்று அது சென்னைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது.

கருவிக்குத் தணிமானி என்று பெயர். அதைச் செய்தவள் சுடர்விழி. ஆகவே, பொய் சொல்வது கருவியா மருத்துவரா என்று பார்த்துவர அவளையே அனுப்பிவைத்தது நிதித்துறை.

தணிமானி பார்ப்பதற்குக் கைக்கடிகாரப் பட்டை மாதிரி இருக்கும். மணிக்கட்டில் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். ஒரு இதயத்துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி, தோலில் கசியும் வியர்வை, நமக்கே தெரியாமல் தசை இறுகித் தளர்கிற விதம், இந்த மூன்றையும் படித்து ஒரே எண்ணாக்கிச் சொல்லும். அதுதான் பதற்ற எண். பூஜ்யம் என்றால் முழு அமைதி. நூறு என்றால் உடம்புக்குள் தீப்பிடித்த மாதிரி.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். விஷயம் இருக்கிறது. ஒருவர் உடம்பில் பழைய அதிர்ச்சி தங்கியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, அதற்கு முன்பெல்லாம் ஒரே வழிதான் இருந்தது: அவரையே சொல்லவைப்பது. சொல்வதும் இன்னொரு முறை அடிபடுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தணிமானிக்கு யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, அதிகாரிகள் காலங்காலமாகக் கேட்டுவந்த ஒரு கேள்விக்கும் அது விடை கொடுத்தது. எலும்பு கூடினால் எக்ஸ்ரேயில் தெரிகிறது, பயம் ஆறினால் எதில் தெரியும்? தெரியாத ஒன்றுக்கு எப்படி நிதி ஒதுக்குவது?

தணிமானியில் தெரியும் என்றதும், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கென்று முதல் தடவையாகத் தணிவு நிதி என்று ஒன்று பிறந்தது. கருவி பல ஊர்களுக்குப் போனாலும், நிதியின் முன்னோட்டத்துக்கு வெள்ளூரணியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு வருடத்தில் அங்கே பதற்ற எண் குறைந்தால் நிதி மாநிலம் முழுவதும் போகும். குறையாவிட்டால் வெள்ளூரணியிலும் நின்றுபோகும்.

வருடம் முடியப் போகிறது. எண் பதினெட்டில் ஆரம்பித்து ஐம்பதைத் தொட்டிருந்தது.

பேருந்து நிலையத்துக்கு மருத்துவர் ராயப்பனே வண்டியோடு வந்திருந்தார். ஐம்பது வயது, குட்டையான ஆள், வாய் ஓயாத ஆள். சுடர்விழி பின்னால் ஏறி உட்கார்ந்து இரண்டு பள்ளம் கடப்பதற்குள் முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகப் புகார் சொன்னது.

"வண்டியை நிறுத்துங்க டாக்டர்."

அவர் பதறிப்போய் நிறுத்தினார். அவள் இறங்கி, இரண்டு கையையும் ஊன்றி இருக்கையை ஓங்கி அமுக்கினாள். அது அசையவே இல்லை.

"ஷாக் அப்சார்பர் இறுகிப்போச்சு. நல்ல ஷாக்னா அமுக்கினதும் இறங்கணும், விட்டதும் ஏறணும், ஒரு தடவை ஆடி நின்னுடணும். எண்ணெய் போயிருந்தா ஆடிக்கிட்டே இருக்கும். இது மூணாவது ரகம். உள்ளுக்குள்ள கட்டியாயிடுச்சு."

"பாக்க அசையாம கம்பீரமா நிக்கே, நல்லாருக்குன்னுல்ல நினைச்சேன்."

"அசையாம நிக்கறதுதான் டாக்டர் கெட்டுப்போனதுக்கு அடையாளம்."

"என் வண்டி, நீங்க செஞ்ச கருவி, எதைப் பத்தியும் நல்ல சேதியே சொல்ல மாட்டேங்கீங்களே," என்று அவர் வண்டியைக் கிளப்பினார்.

வெள்ளூரணியில் இப்போது பட்டாசு செய்வதில்லை. தடை வந்த பிறகு அந்தக் கொட்டகைகளில் மின்கலம் செய்கிறார்கள். ஆனால் ஊரில் நாற்பதைத் தாண்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் வெடிமருந்துக் கொட்டகையில் வேலை பார்த்தவர்கள். ஒரு விபத்தையாவது பார்த்தவர்கள், அல்லது அதிலிருந்து தப்பி ஓடி வந்தவர்கள். அவர்கள் யாரும் "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று மருத்துவமனைக்கு வந்ததில்லை. வயிறு எரியுது, முதுகு பிடிச்சிருக்கு, தலை சுத்துது, தூக்கம் இல்லை என்றுதான் வந்தார்கள்.

"வருசக்கணக்கா மாத்திரை மாத்தி மாத்திக் கொடுத்தோம்," என்றார் ராயப்பன், கூடத்தைச் சுற்றிக் காட்டியபடி. "பிரஷரை எடுத்துக்கோங்க. கையில பட்டையைச் சுத்திக் காத்தடிச்சா அது இறுக்கும். இடிபாட்டுக்குள்ள கை மாட்டிக்கிட்டவங்களுக்கு அந்த இறுக்கமே போதும், பிரஷர் ஏறிரும். ஏறினதை நாங்க எழுதிக்கிடுவோம். மாத்திரை கொடுப்போம். அவங்க அதைப் போட்டுட்டு மயங்கி விழுவாங்க. விழுந்ததுக்கு ஒரு மாத்திரை."

"இப்ப?"

"இப்ப, 'அக்கா, இது கொஞ்சம் இறுக்கும், போதும்னா சொல்லுங்க, உடனே எடுத்துருவேன்'னு சொல்லிட்டுத்தான் கட்டுதோம். அவ்வளவுதான். பாதிப் பேருக்குப் பிரஷர் மாத்திரையே தேவைப்படலை."

அவர் காட்டக் காட்ட அவளுக்குள் இருந்த பொறியாளர் விழித்துக்கொண்டாள். ஒவ்வொன்றும் எப்படி வேலை செய்கிறது என்று தொட்டுப் பார்த்தாள். கதவுகளின் விளிம்பில் ரப்பர்; எவ்வளவு வேகமாகச் சாத்தினாலும் சத்தம் வராது. பெயரைக் கத்திக் கூப்பிடுவதற்குப் பதில் நாற்காலிக் கையில் ஒரு சின்ன விளக்கு. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் வாசல் கண்ணில் படும். ஊசி போடுகிறவர் பின்னாலிருந்து வருவதில்லை. மருத்துவர் ஒருவரோடு பேசும் நேரம் இரண்டு நிமிடத்திலிருந்து பதினைந்து நிமிடமாகியிருந்தது. அதற்காக இன்னொரு மருத்துவரையும், அமலோற்பவம் என்ற ஆலோசகரையும் நியமித்திருந்தார்கள். நிதியில் பெரும்பகுதி இந்த இரண்டு பேர் சம்பளம்தான்.

"நிதி நின்னுபோச்சுன்னா ரப்பர் கதவு இருக்கும் மேடம்," என்றார் ராயப்பன். "பதினஞ்சு நிமிசம் இருக்காது. மறுபடி ரெண்டு நிமிசம். மறுபடி மாத்திரை."

அவர் அதைச் சிரிக்காமல் சொன்னார். அந்த ஆள் சிரிக்காமல் சொன்ன முதல் வாக்கியம் அது.

கூடத்தில் முதல் ஆளாகத் தணிமானி கட்டிக்கொள்ள வந்தவள் மாரீஸ்வரி. பட்டாசுக் காலத்தில் திரி வைக்கிற வேலை பார்த்தவள். கொட்டகை வெடித்த அன்று தண்ணீர் குடிக்க வெளியே வந்ததால் பிழைத்தவள். கூட இருந்தவர்களில் யாரும் வெளியே வரவில்லை. இவ்வளவும் ராயப்பன் வண்டியில் வரும்போது சொன்னது. மாரீஸ்வரி சொன்னது வேறு.

"சென்னையிலருந்து வர்றீகளாமே. கருவியைக் கழட்டிக் கொண்டுபோவ வந்தீகளா, எங்களையா?"

"ரெண்டையும் இல்லைங்க. ஒரு தடவை பாத்துட்டுப் போக."

"பாருங்க, பாருங்க. நான் கெட்டுப்போனதைத்தான பாக்க வந்திருக்கீக. மொத மாசம் என் நம்பர் பன்னெண்டு. இப்ப அறுபத்து மூணு. எங்க வீட்டுக்காரர்கூடச் சொல்லுதாரு, படிப்புலதான் பாஸாவல, இதுலயாவது பஸ்ட் கிளாஸ் வாங்கியிருக்கேன்னு."

கூடம் சிரித்தது. சுடர்விழி பட்டையைக் கட்டப் போனாள். மாரீஸ்வரி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கேக்கணும் மேடம். இங்க கேட்டுட்டுத்தான் தொடுவாக."

"மன்னிச்சுக்கோங்க. கட்டலாமா?"

"கட்டுங்க."

பட்டை கட்டி உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் அது நடந்தது. ஊசி அறையில் செவிலி ஒருத்தி எவர்சில்வர் தட்டைக் கை தவறிக் கீழே போட்டாள். சிமெண்டுத் தரையில் தட்டு விழுந்து, கிண்ணங்கள் சிதறி, ஒன்று உருண்டு உருண்டு சுற்றி நின்றது.

கூடத்துக்கே தூக்கிவாரிப் போட்டது. ஒரு கிழவர் எழுந்தேவிட்டார். மாரீஸ்வரியின் தோள் காதுவரை ஏறியது, நெஞ்சில் கையை வைத்து வாயால் மூச்சை மெதுவாக ஊதினாள், வாசலைப் பார்த்தாள், இன்னொரு முறை ஊதினாள். பிறகு ஊசி அறைப் பக்கம் திரும்பி, "ஏ தங்கம், தட்டைக் கல்யாணத்துக்கு வச்சுக்கோ, இப்பவே நெளிச்சுராத," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கூடம் பழையபடி ஆகிவிட்டது.

மாரீஸ்வரி சுடர்விழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அசையவே இல்லையே. கொடுத்துவச்சவுக. நானும் முன்னால அப்படித்தான் இருந்தேன் மேடம். இடி விழுந்தாலும் அசைய மாட்டேன். மகன் பைக்ல இருந்து விழுந்து ரத்தத்தோட வந்து நிக்கான், நான் பாட்டுக்கு அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தேன். இங்க வந்தப்புறம்தான் இந்தப் பயம், அழுகை எல்லாம் வந்துச்சு. ஒருவேளை கருவி சொல்லுதது நெசம்தானோ என்னவோ." கொஞ்சம் யோசித்தாள். "ஆனா சோத்துல உப்பு ஒறைக்கு இப்ப. அதுவும் நெசம்தான்."

சுடர்விழி பட்டையைக் கழற்ற அனுமதி கேட்டுக் கழற்றிக்கொண்டு, மருத்துவரின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

எண் என்பது கடைசியில் வருவது. அதற்கு முன்னால் ஒரு கோடு இருக்கிறது. பத்து நிமிடமும் உடம்பு என்ன செய்தது என்று வரைந்த கோடு. அதிகாரிகள் யாரும் கோட்டைப் பார்ப்பதில்லை. உண்மையைச் சொன்னால், கருவி ஊர் ஊராகப் போக ஆரம்பித்ததிலிருந்து சுடர்விழியும் பார்ப்பதில்லை. இப்போது மாரீஸ்வரியின் கோட்டைத் திரையில் கொண்டுவந்தாள். தட்டு விழுந்த இடத்தில் கோடு செங்குத்தாக ஏறியிருந்தது. ஏறி, ஒருமுறை ஆடி, சறுக்குமரத்தில் இறங்குகிற மாதிரி இறங்கிப் பழைய இடத்துக்கு வந்து நின்றுவிட்டது.

அமுக்கினதும் இறங்கணும், விட்டதும் ஏறணும், ஒரு தடவை ஆடி நின்னுடணும்.

மாரீஸ்வரியின் முதல் மாதக் கோட்டை எடுத்தாள். ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தது. அதற்குக் கீழே மற்றவர்களின் முதல் மாதக் கோடுகளை ஒவ்வொன்றாக அடுக்கினாள். ஒன்றிரண்டு, எண்ணெய் போன ஷாக் மாதிரி ஓயாமல் ஆடின. மீதி எல்லாம் நேர்கோடுகள்.

ராயப்பன் தேநீரோடு உள்ளே வந்தபோது அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர், நல்ல இதயம் கடிகாரம் மாதிரி துடிக்காது, தெரியும்ல?"

"தெரியும். மூச்சை இழுத்தா வேகம், விட்டா நிதானம். அந்த ஏத்த இறக்கம் இருக்கணும்."

"இவங்க வந்தப்ப அது இல்லை. உடம்பு முழுசையும் இறுக்கிப் பிடிச்சு வச்சிருந்திருக்காங்க. பயம் இல்லாம இல்லை. பயம் அசையக்கூட இடமில்லாம உறைஞ்சு கிடந்திருக்கு. கருவி அதைப் பாத்து 'அமைதி'ன்னு சொல்லிடுச்சு. நீங்க ஒரு வருசமா அந்தக் கட்டியை உருக்கியிருக்கீங்க. உருக உருக எண் ஏறுது. கருவி 'மோசமாகுது'ன்னு சொல்லுது."

ராயப்பன் தேநீரை மேசைமேல் வைத்தார். "அப்போ கருவி கெட்டுப்போச்சா?"

"இல்லை. அதுக்குச் சொல்லிக்கொடுத்ததை அது சரியாத்தான் செய்யுது." அவள் இன்னொரு கோட்டைத் திரையில் ஏற்றினாள். மாரீஸ்வரியின் முதல் மாதக் கோட்டுக்கு மேலே அது போய்ப் படிந்தது. இரண்டு கோடுகளும் கிட்டத்தட்ட ஒரே கோடாகத் தெரிந்தன. "இதுதான் பூஜ்யம். தராசுல படிக்கல் மாதிரி. ஆரம்பத்துல, முழு அமைதின்னா எப்படி இருக்கும்னு கருவிக்குக் காட்ட ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு. ஆய்வுக்கூடத்துல நாங்க பதினோரு பேர். எல்லாரும் கட்டிப் பாத்தோம். யார் கோடு ரொம்ப நேரா இருந்துச்சோ அவங்களைப் பூஜ்யமா வச்சோம்."

"யார் அது?"

"நான்தான்."

அதைச் சொல்லும்போதும் அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் அன்று எல்லோரும் கைதட்டியது நினைவுக்கு வந்தது. அதற்கும் முன்னால், சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொன்னதும் நினைவுக்கு வந்தது. "சுடர் மாதிரி சமத்தைப் பாத்ததே இல்லை. வச்ச இடத்துல வச்சபடி இருக்கும்." அப்பாவின் கையில் தட்டு, தம்ளர், எது கிடைத்தாலும் சுவரில் போய் விழுகிற வீடு அது. தட்டு விழும்போது அழுகிற பிள்ளையின் பக்கம்தான் அவர் திரும்புவார். அசையாத பிள்ளையைத் தாண்டிப் போய்விடுவார். ஐந்து வயதில் அவள் அந்த வீட்டின் இயக்கத்தை அப்படித்தான் புரிந்துகொண்டாள். எதுவும் எப்படி இயங்குகிறது என்று கண்டுபிடிக்கிற ஆசை அவளுக்கு அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

ராயப்பன் வாசல் அவள் கண்ணில் படுகிற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டார். "நான் இருக்கட்டுமா மேடம், வெளிய போகட்டுமா? எது வசதி?"

எது வசதி என்று யாரும் அவளைக் கேட்டதில்லை.  "தேநீரை மட்டும் பக்கத்துல வைங்க," என்றாள்.

மறுவாரம் சென்னையில் நிதிக்குழு கூடியது. தலைமையில் இணைச் செயலாளர் கோதண்டம். கேள்வி கேட்டே ஆட்களைக் கரைத்துவிடுவார் என்று பெயர் எடுத்தவர். சுடர்விழியோடு ராயப்பனும் மாரீஸ்வரியும் வந்திருந்தார்கள். மாரீஸ்வரி ஒரே ஒரு நிபந்தனையோடு வந்தாள். "எனக்கு முடியலைன்னா பாதியில எந்திரிச்சுப் போயிருவேன். யாரும் ஏன்னு கேக்கப்படாது." சுடர்விழி அதைக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்கியிருந்தாள்.

"எண் ஏறியிருக்கு," என்றார் கோதண்டம். "ஒப்பந்தப்படி நிதி நிக்கணும். கருவி தப்புன்னு கருவி செஞ்சவங்களே சொல்றீங்க. சௌகரியமா இருக்கு, இல்லையா?"

"எனக்கு ரொம்ப அசௌகரியம் சார். ஒரு சோதனை செஞ்சு காட்ட அனுமதி வேணும். நீங்களும் நானும் பட்டை கட்டிக்கணும். கொஞ்ச நேரத்துல இந்த அறையில ஒரு பெரிய சத்தம் வரும். ஆபத்தில்லாத சத்தம். வேண்டாம்னு நினைக்கிறவங்க வெளியே இருக்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த வயதான சார்புச் செயலாளர் ஒருவர், பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, எழுந்து வெளியே போனார். எல்லோரும் பார்த்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு பட்டைகள், திரையில் இரண்டு கோடுகள். சுடர்விழி புத்தகத்தைப் பார்த்துச் சொல்வது மாதிரி நிதானமாகக் கருவியைப் பற்றி விளக்க ஆரம்பித்தாள். இதற்கிடையில் தேநீரோடு வடை வந்த காகிதப் பையை மாரீஸ்வரி உதறி, வாயில் வைத்து ஊதினாள். வருடம் முழுக்க இதைத்தான் பழகியிருந்தாள்: மெதுவாக, நிதானமாக மூச்சை ஊதுவது. பை உப்பியது. அதன் வாயைத் திருகினாள். ராயப்பன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுடர்விழி ஒலிபெருக்கி கொண்டுவந்திருந்தாள். சத்தத்தை அதிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சொன்னாள். மாரீஸ்வரிதான் ஒத்துக்கொள்ளவில்லை. "இத்தனை வருசம் சத்தம் என்னைத் தேடி வந்துச்சு. ஒரு தடவை நான் போடுதேன்," என்றுவிட்டாள்.

மற்றக் கையை ஓங்கிப் பையில் அடித்தாள்.

அறையே குலுங்கியது. கோதண்டத்தின் கையிலிருந்த தேநீர் கோப்பின்மேல் கொட்டியது. மாரீஸ்வரியும் தன் சத்தத்துக்குத் தானே குதித்தாள். பிறகு கிழிந்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தாள்.

"திரையைப் பாருங்க சார்," என்றாள் சுடர்விழி.

ஒரு கோடு மலை மாதிரி ஏறி இறங்கியிருந்தது. இன்னொன்று நேராகப் போய்க்கொண்டிருந்தது, எல்லாம் பக்கத்து அறையில் நடந்ததைப் போல.

"மலை உங்களோடது. உங்க பதற்ற எண் ஐம்பத்தொன்பது. வெள்ளூரணி சராசரியைவிட அதிகம்."

"அப்போ நான் நோயாளியா?"

"கருவிப்படி ஆமா சார். இந்த அறையிலயே ஆரோக்கியமான ஆள் நான்தான். இவ்வளவு சத்தத்துக்கு அப்புறமும் என் எண் நாலு."

யாரோ சிரித்துவிட்டு அடக்கிக்கொண்டார்கள். கோதண்டம் சிரிக்கவில்லை. நேராகப் போகும் கோட்டைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். அந்த மனிதர் உண்மையிலேயே கெட்டிக்காரர்.

"பூஜ்யத்துக்கு யாரை வச்சு அளவெடுத்தீங்க?"

"என்னை வச்சுத்தான் சார். ஒரு சத்தத்துக்கும் அசையாத உடம்பு ஆரோக்கியமான உடம்புன்னு நான் நம்பினேன். ஏன்னா எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு உடம்புதான்."

 அவள் தொடர்ந்தாள். குரல் அதே நிதானத்தில்தான் இருந்தது. விரல்கள் மட்டும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன.

"குதிக்கறது நோய் இல்லை. குதிச்ச உடம்பு திரும்பி வருதாங்கறதுதான் கேள்வி. மேற்கே ஒரு நிலையத்துல எண் பாதியாக் குறைஞ்சதுன்னு போன மாசம் பாராட்டினோம். கோட்டை எடுத்துப் பாத்தேன். வர்ற எல்லாருக்கும் தூக்க மாத்திரை கொடுத்திருக்காங்க. யாரும் கெட்டவங்க இல்லை. எண்ணைக் குறைச்சாத்தான் நிதின்னு சொன்னோம், குறைச்சுட்டாங்க. இதே அளவோட மாநிலம் முழுக்கப் போனோம்னா, ஆறுகிறவங்களைத் தண்டிப்போம், உறைஞ்சவங்களைப் பாராட்டுவோம்."

"வெள்ளூரணி?"

கோடுகள் எல்லாம் சேமிப்பில் இருந்தன. கூடத்துச் சத்தங்களுக்குக் கோடு எவ்வளவு உயரம் ஏறியது என்பதை விட்டுவிட்டு, எவ்வளவு சீக்கிரம் திரும்பி வந்தது என்பதை அளந்து திரையில் போட்டாள். முதல் மாதம்: ஏறவே ஏறாத கோடுகள், நடுவில் ஏறி இறங்கவே இறங்காத சில. பிறகு ஒவ்வொரு மாதமும் மேடுகள் முளைத்தன. மேடுகளின் சரிவு செங்குத்தானது. கடைசி மாதத்தில் வெள்ளூரணியின் கோடுகள் எல்லாம், சற்றுமுன் திரையில் ஓடிய கோதண்டத்தின் கோடு மாதிரியே இருந்தன.

"நாளைக்கு வந்து இந்த அளவும் தப்புன்னு சொன்னீங்கன்னா?" என்றார் கோதண்டம்.

"சொல்வேன் சார். இன்னிக்குச் சொன்ன மாதிரியே."

அவர் நனைந்த கோப்பைக் கைக்குட்டையால் துடைத்தார். மாரீஸ்வரி பக்கம் திரும்பினார். "அம்மா, உங்களுக்கு அங்க என்னதான் செஞ்சாங்க? ஒரே வரியில சொல்ல முடியுமா?"

மாரீஸ்வரி யோசித்தாள். "கேட்டுட்டுத் தொட்டாக சார். தொட்டுட்டு அவசரப்படல."

கோதண்டம் அதை எழுதிக்கொண்டார். பிறகு அன்று மாலைவரை கேள்விகள் கேட்டார். கேட்டுக் கரைக்க முடியாததால் கடைசியில் முடிவைச் சொன்னார். நிதியை எண்ணோடு கட்டிவைக்க வேண்டாம். நேரத்தோடு கட்டிவைக்கலாம். ஒரு நோயாளிக்குப் பதினைந்து நிமிடம், அதற்கு வேண்டிய ஆட்கள், எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும். தணிமானி வழிகாட்டட்டும், தீர்ப்புச் சொல்ல வேண்டாம். கையெழுத்துப் போடும்போது வெளியே போன சார்புச் செயலாளர் திரும்பி வந்திருந்தார். அடுத்து எந்த நிலையத்தில் ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று சுடர்விழியிடம் தாழ்ந்த குரலில் விசாரித்தார். தன் வீட்டுக்குப் பக்கத்திலா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.

படியிறங்கும்போது ராயப்பன் விசிலடித்தார். அரசு வளாகத்தில் விசிலடிக்கக் கூடாது என்று காவலர் சொன்னதும், "மூச்சை ஊதுற பயிற்சிய்யா," என்றார்.

பூஜ்யத்தை மறுபடி எடுக்க வேண்டியிருந்தது. இந்த முறை ஒரே ஆளை வைத்து இல்லை. பல ஊர்களில், பல வயதில், பயந்து பயம் தெளிந்த ஆயிரக்கணக்கானவர்களை வைத்து. அந்த வேலைக்காகச் சுடர்விழி வெள்ளூரணிக்கு அடிக்கடி வந்தாள். வருகிற நாட்களில் வியாழக்கிழமைக் காலை எப்படியோ இருந்துகொண்டே இருந்தது. வியாழக்கிழமைக் காலை அமலோற்பவத்தின் அறையில் ஐந்தாறு பேர் வட்டமாக உட்காருவார்கள். முதல் மூன்று தடவை அவள் வாசலோரம் நின்று குறிப்பெடுத்தாள். நான்காம் தடவை மாரீஸ்வரி ஒரு நாற்காலியைக் காலால் தள்ளி, "கால் வலிக்கலையா தங்கச்சி?" என்றாள். சுடர்விழி உட்கார்ந்தாள்.

மாதங்கள் போயின. பழைய அளவில் அவள் எண் நாலிலேயே கிடந்தது. பிறகு ஏழு. ஒரு நாள், எதற்கென்று தெரியாமல், ராயப்பன் தன் வண்டிக்குப் புது ஷாக் அப்சார்பர் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, அவளுக்கு அழுகை வந்தது. பன்னிரண்டு.

தை மாதத்தில் ஒரு காலை. கூடத்தில் கூட்டம். சுடர்விழி நாற்காலியில் உட்கார்ந்து, மணிக்கட்டில் பட்டையோடு, தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாரீஸ்வரி. ஊசி அறையில் தங்கம் மறுபடியும் தட்டைக் கீழே போட்டாள்.

சுடர்விழி எழுந்து நின்றுவிட்டாள். தேநீர் புடவையெல்லாம் கொட்டியிருந்தது. தோள் காதுவரை ஏறியிருந்தது.  வாயிலிருந்து ஒரு சத்தம் வந்திருந்தது. ஐந்து வயதில் வந்திருக்க வேண்டிய சத்தம். கூடத்தில் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்து என்ன வந்து விழும் என்று அவள் காத்திருந்தாள்.

ஒன்றும் வந்து விழவில்லை. ஊசி அறையிலிருந்து தங்கம், "மன்னிச்சுக்கோங்க," என்றாள், அவ்வளவுதான்.

"வந்து சேந்தீகளா?" என்றாள் மாரீஸ்வரி. "எம்புட்டு நேரமாக் காத்திருக்கோம். ஊதுங்க. மெதுவா."

சுடர்விழி நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு ஊதினாள். வாசலைப் பார்த்தாள். திறந்திருந்தது. இன்னொரு முறை ஊதினாள். சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. பட்டையைத் திருப்பி, அதில் இப்போது கோட்டையும் காட்டும் சின்னத் திரையைப் பார்த்தாள்.

கோடு மலை மாதிரி ஏறியிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவசரப்படாமல், அது இறங்கத் தொடங்கியது.